எட்டு ஜிபியில் மூணு குடித்தனம்

மருமவனே, ஒரே லேப்டாப்புல மூணு சிஸ்டம் ஓட்டப் போறியாமே? உங்க அம்மா வந்து பெருமையாச் சொல்லிட்டுப் போனா. விண்டோஸ் இருக்காம், அதுக்குள்ள உபுண்டு, அதுக்குப் பக்கத்துல காலி லினக்ஸ், முடிஞ்சா ஒரு மேக்கும். சந்தோசம். இருக்கிற ஒத்த விண்டோஸ்ல உன் ரெஸ்யூமே எந்த ஃபோல்டர்ல கெடக்குன்னு உனக்கே தெரியாது. இனி மூணு இடத்துல தேடலாம். வளர்ச்சிதான.

மாமனுக்கு என்ன தெரியும்னு சிரிக்காத. மவன் வச்சிருக்க லேப்டாப் சர்வீஸ் கடையில கல்லாவுல உக்காந்திருக்கவன் நான். கண்ணு மங்கல்தான், காது நல்லாவே கேக்கும். வாரவன் அம்புட்டுப் பேரும் "அண்ணே, சிஸ்டம் ரொம்ப ஸ்லோ"ன்னுதான் ஆரம்பிப்பான். மவன் தொறந்து பார்த்தா உள்ள வர்ச்சுவல்பாக்ஸ்ங்கிற சாஃப்ட்வேர் ரெண்டு மெஷினோட சம்மணம் போட்டு உக்காந்திருக்கும். "இது எதுக்கு தம்பி?"ன்னு கேட்டா, "சும்மா கத்துக்கலாம்னு"ம்பான். என்ன கத்துக்கிட்டேன்னு மவன் கேக்க மாட்டான். யாவாரம் பாரு.

மொதல்ல இந்த வர்ச்சுவல் மெஷின் வித்தை என்னன்னு வெளங்கிக்கோ. இது முழுக்க முழுக்கப் பொய் சொல்லுற வித்தை. உன் விண்டோஸ் வீட்டுக்காரன், ஹோஸ்ட்டும்பானுவ. உள்ள வார உபுண்டு குடித்தனக்காரன், கெஸ்ட்டும்பானுவ. ஊருல குடி வாரவனுக்கு, இது அடுத்தவன் வீடுன்னு தெரியும். இங்கன குடி வாரவன் சொந்த வீட்டுக்குள்ள வந்ததா நெனச்சுக்கிட்டுத்தான் காலை நீட்டுவான். வந்ததும் ரேம் எவ்வளவு, கோர் எத்தனை, டிஸ்க் எம்புட்டு, நெட்வொர்க் கார்டு எவன் செஞ்சதுன்னு வரிசையா விசாரிப்பான். நடுவுல ஹைப்பர்வைசர்னு ஒருத்தன் நின்னு, முகம் மாறாமப் பதில் சொல்லுவான். டிஸ்க் 25 ஜிபிங்கான். அது உன் சி டிரைவ்ல கெடக்கிற ஒத்த ஃபைலு. நெட்வொர்க் கார்டு இன்டெல் ப்ரோ 1000ங்கான். உன் லேப்டாப்புல அப்படி ஒண்ணு கெடையவே கெடையாது, இருக்கிறது வைஃபை. ஐபி அட்ரஸ் கேட்டா 10.0.2.15ன்னு எழுதிக் கொடுப்பான். உனக்கும் அதே நம்பர், சங்கரன்கோவில்ல வர்ச்சுவல்பாக்ஸ் போட்டிருக்க இன்னொரு பயலுக்கும் அதே நம்பர். ரெண்டு பேரும் அவனவன் வீட்டுக்குள்ளயே கெடக்கிறதால சண்டை வராது.

இந்தப் பொய்யை நேத்து இன்னைக்குக் கண்டுபிடிக்கல, கேட்டியா. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் பக்கம் கேம்பிரிட்ஜ்னு ஒரு ஊரு. அங்க இருந்த ஐபிஎம் ஆராய்ச்சிக்கூடத்துல 1960கள்லயே சிபி-40ன்னு ஒண்ணும், பொறவு சிபி-67ன்னு ஒண்ணும் செஞ்சாவ. அப்போ மெஷினு ஒரு ஹாலை அடைச்சுக்கிட்டு நிக்கும். ஆளுக்கொண்ணு வாங்கிக் கொடுக்க எவனாலயும் முடியாது. அதனால ஒவ்வொருத்தர்கிட்டயும், "முழு மெஷினும் உனக்குத்தான்"னு சொல்லி வச்சாவ. எல்லாரும் நம்பி வேலை பார்த்தாவ. 1972ல அதையே விஎம்/370ன்னு பேரு வச்சு ஐபிஎம் வெளியிட்டுது. அப்போ நான் கம்மாக்கரையில மாடு பத்திக்கிட்டுத் திரிஞ்சேன். உனக்கு என்னமோ உன் காலேஜ்ல போன வருசம் கண்டுபிடிச்ச மாதிரி பேச்சு.

1974ல போபெக்கு, கோல்டுபெர்க்குன்னு ரெண்டு பேரு இந்தப் பொய்க்கே இலக்கணம் எழுதினாவ. சாராம்சம் இதுதான்: குடித்தனக்காரன் மெஷினோட மெயின் சங்கதியில கைய வச்சா, அந்த நிமிசமே சிப்பு வேலையை நிப்பாட்டி ஹைப்பர்வைசருக்குத் தாக்கல் சொல்லணும். அப்பத்தான் அவன் ஓடி வந்து தோதா ஒரு பொய்யச் சொல்ல முடியும். ஐபிஎம் பெரிய மெஷினு இதுக்கு ஒத்துவந்துச்சு. நம்ம மேசையில இருக்க இன்டெல் வகையறா சிப்பு ஒத்துவரல.

ஏன் ஒத்துவரலன்னு நீ கேக்க மாட்டே, நானே சொல்லுதேன். பாப்எஃப்னு ஒரு கட்டளை உண்டு. ஸ்டாக்குல வச்சிருக்க ஃப்ளாக் எல்லாத்தையும் எடுத்து மறுபடி சிப்புல போடுத வேலை. அதுல ஒரு ஃப்ளாக், இன்ட்ரப்ட் வரலாமா கூடாதான்னு முடிவு பண்ணுறது. அதிகாரம் இல்லாத இடத்துல இருந்து இந்தக் கட்டளை வந்தா சிப்பு என்ன செய்யும்? மறுப்பும் சொல்லாது, தாக்கலும் சொல்லாது, அந்த ஒரு ஃப்ளாக்கை மட்டும் தொடாம அடுத்த வரிக்குப் போயிரும். குடித்தனக்காரன் இன்ட்ரப்ட்டை நிறுத்திட்டதா நெனச்சுக்கிட்டு இருப்பான். ஹைப்பர்வைசருக்கு விசயமே தெரியாது. பென்டியத்துல இந்த மாதிரி வில்லங்கம் புடிச்ச கட்டளை 17 இருந்துச்சு. சர்க்கார் ஆபீஸ்ல மனுக் கொடுத்து அனுபவம் இருந்தா உனக்கு இது டக்குன்னு வெளங்கியிருக்கும்.

ஸ்டான்ஃபோர்டு வாத்தியார் மெண்டெல் ரோசன்பிளம், அவரு சம்சாரம் டயான் கிரீன், இன்னும் மூணு பேரு சேந்து 1998ல விஎம்வேர்னு கம்பெனி ஆரம்பிச்சாவ. அடுத்த வருசமே சாதாரண பிசியில இந்த வித்தையைக் காட்டிட்டாவ. எப்படின்னா, குடித்தனக்காரனோட கெர்னல் எழுத்தை ஓடுறதுக்கு முன்னாடியே துண்டு துண்டாப் படிச்சு, வில்லங்கக் கட்டளை வார இடத்துல வேற எழுத்தை மாத்தி வச்சு ஓடவிட்டாவ. ஓடிக்கிட்டு இருக்கும்போதே இம்புட்டும். அசாத்திய மூளை. பொறவு சிப்பு செய்யிறவங்களுக்கே வெக்கம் வந்துருச்சுன்னு வச்சுக்கோ. இன்டெல் 2005லயும் ஏஎம்டி 2006லயும் பொய்க்குத் தனி வசதியே சிப்புக்குள்ள வச்சுட்டாவ. அதுக்குப் பேருதான் விடி-எக்ஸ், ஏஎம்டி-வி.

அந்த வசதி உன் லேப்டாப்புலயும் இருக்கும். ஆனா பயாஸ்ல ஆஃப் பண்ணிக் கெடக்கும். எங்க கடைக்கு வார பாதிப் பேருக்கு இதான் வியாதி. வர்ச்சுவல்பாக்ஸைப் போட்டு ஸ்டார்ட் அமுக்கினதும், விடி-எக்ஸ் டிசேபிள்னு ஒரு பொட்டி வரும். உடனே சாஃப்ட்வேர் கெட்டுப்போச்சுன்னு அழிச்சுட்டு மறுபடி டவுன்லோடு பண்ணுவான். மறுபடியும் அதே பொட்டி. அடுத்து விண்டோஸையே ஃபார்மேட் அடிப்பான். போட்டோ, புராஜெக்ட் எல்லாம் போனப் பொறவு கடைக்கு வருவான். மவன் ஆஃப் பண்ணி, ஆன் பண்ணி, எஃப்2வையோ எஃப்10ஐயோ தட்டுவான், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நீலமும் சாம்பலுமா ஒரு பழைய காலத்துப் பக்கம் வரும். அதுல வர்ச்சுவலைசேஷன்ங்கிற வரியை எனேபிள்னு மாத்தி, சேவ் பண்ணி வெளிய வருவான். ஏஎம்டி சிப்பா இருந்தா அதுக்கு எஸ்விஎம்னு பேரு போட்டிருக்கும். டீ ஆறுறதுக்குள்ள வேலை முடிஞ்சிரும். சார்ஜ் மட்டும் கேக்கிறதுக்கு எனக்கே கூச்சமா இருக்கும். இருந்தாலும் கேப்பேன்.

இப்போ ரேமுக்கு வா. உன்கிட்ட இருக்கிறது 8 ஜிபி. விண்டோஸ் 11க்கு கொறஞ்சது 4 ஜிபி வேணும்னு மைக்ரோசாஃப்ட்காரனே எழுதி வச்சிருக்கான். உபுண்டு டெஸ்க்டாப்புக்கும் 4 ஜிபியாவது வேணும். காலிக்கு டெஸ்க்டாப்போட 2 ஜிபி. கூட்டிப் பாரு. கணக்குல நீ எப்பவும் புலிதான, பத்தாவது மார்க்கு ஷீட்டை நானும் பார்த்திருக்கேன். இதுல நீ குரோம்ல தொறந்து போட்டிருக்க நாப்பது டேபை நான் சேக்கவே இல்ல.

வர்ச்சுவல்பாக்ஸ்ல ரேம் ஒதுக்குற இடத்துல ஒரு கோடு இருக்கும், பச்சையில ஆரம்பிச்சு செவப்புல முடியும். பச்சை முடியிற இடத்தோட நின்னுக்கிடணும். எல்லாப் பயலும் செவப்பு வரைக்கும் இழுத்துட்டுப் போவான், நிறைய கொடுத்தா வேகமா ஓடும்னு. குடித்தனக்காரனுக்கு அள்ளிக் கொடுத்துட்டு வீட்டுக்காரன் பட்டினி கெடந்தா என்ன ஆவும்? விண்டோஸ் ரேம் பத்தாம டிஸ்க்கைப் போட்டுச் சொறியும். வீட்டுக்காரன் திணறினா உள்ள இருக்கவனும் சேந்துதான் திணறணும், அவனுக்குத் தனியா மூச்சு கெடையாது. கோருக்கும் அதே கதைதான். ஃபேன் போடுத சத்தத்துல உங்க அம்மா மிக்சி ஓடுதுன்னு அடுக்களைக்குப் போவா.

ஒரே நேரத்துல ஒரு குடித்தனம் போதும்டே. லினக்ஸ் கத்துக்கிடணும்னா டெஸ்க்டாப் இல்லாத உபுண்டு சர்வரைப் போடு. கறுப்புத் திரையும் மின்னுற கோடும்தான் இருக்கும், கொஞ்சம் ரேம் கொடுத்தாலே ஓடும். இதைச் சொன்னா ஒரு பயலுக்கும் புடிக்காது. ஏன்னா ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட அதுல ஒண்ணும் கெடையாது.

இன்னும் ஒரு கூத்து சொல்லுதேன். ஒருத்தன் மவுஸைத் தூக்கிக்கிட்டு வந்தான். "இது செத்துப்போச்சு, புதுசு கொடுங்க"ன்னான். புதுசு வாங்கிட்டுப் போனவன் அன்னைக்குச் சாயங்காலமே திரும்பி வந்தான், இதுவும் செத்துப்போச்சுன்னு. மவன் லேப்டாப்பைத் தொறந்தான். வர்ச்சுவல் மெஷினுக்குள்ள கிளிக் பண்ணிருக்கான், அது மவுஸை உள்ளயே புடிச்சு வச்சிருச்சு. வலது பக்கம் இருக்க கன்ட்ரோல் பட்டனை ஒரு தட்டுத் தட்டினான், மவுஸ் வெளிய வந்துருச்சு. கெஸ்ட் அடிஷன்ஸ்னு ஒரு பொட்டலம் உண்டு, அதை உள்ள போட்டிருந்தா இந்தப் பிரச்சனையே கெடையாது. அதைப் போட்டதும், தான் இருக்கிறது வாடகை எடம்னு குடித்தனக்காரனுக்குத் தெரிஞ்சிரும். தெரிஞ்சு, ஒத்துப்போவான். திரை சன்னலுக்கு ஏத்தபடி விரியும், இங்க காப்பி பண்ணதை அங்க ஒட்டலாம், ஃபோல்டரைப் பொதுவா வச்சுக்கலாம். அந்தப் புது மவுஸைத் திருப்பி எடுத்துக்கிட்டோமான்னு கேக்காத.

டிஸ்க்கு விசயத்துல கொஞ்சம் உஷாரா இரு. 25 ஜிபின்னு சொன்னாலும் அந்த ஃபைலு மொதல்ல சின்னதாத்தான் இருக்கும். உள்ள சாமான் சேரச் சேர வளரும். உள்ள இருக்கதை அழிச்சா சுருங்குமான்னா, தானாச் சுருங்காது. ஊதினது ஊதினபடிதான் நிக்கும், நீயாத்தான் தனியா மெனக்கெட்டுச் சுருக்கணும். ஸ்னாப்ஷாட் எடுத்தா அதுவும் பக்கத்துலயே இன்னொரு ஃபைலா ஊதும்.

ஆனா ஸ்னாப்ஷாட்டை நான் கொறை சொல்ல மாட்டேன். இந்த வித்தையிலேயே உருப்படியான சங்கதி அதுதான். ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வச்சுட்டு, உள்ள போயி என்னத்தையும் ஒடை. சிஸ்டம் ஃபைலை அழி, கெர்னலை மாத்து, யூடியூப்ல எவனோ சொல்லுத கட்டளையை அர்த்தம் தெரியாம அடி. உபுண்டு மல்லாக்கக் கெடக்கும். ரீஸ்டோர்னு அமுக்கினா ஒண்ணுமே நடக்காத மாதிரி எந்திரிச்சு உக்காரும். கத்துக்கிட வாரவனுக்கு இதை விட என்ன வேணும்? நெஜ விண்டோஸ்ல இப்படி ஒடைச்சா எங்க கடைக்குத்தான் வரணும்.

ஒண்ணை மட்டும் மறந்துராத. ஸ்னாப்ஷாட் வேற, பேக்கப் வேற. ஸ்னாப்ஷாட்டுல இருக்கிறது மாறின சங்கதி மட்டுந்தான், அது அந்தப் பெரிய டிஸ்க் ஃபைலைச் சாஞ்சுக்கிட்டுத்தான் நிக்கும். காலேஜ் பய ஒருத்தன் படம் டவுன்லோடு பண்ண எடம் பத்தலைன்னு டிரைவைத் தொழாவியிருக்கான். பெருசா ஒரு விடிஐ ஃபைலு, அதாவது அந்த டிஸ்க் ஃபைலு, கண்ணுல பட்டிருக்கு. என்னன்னு தெரியல, அழிச்சுட்டான். கடைசி வருச புராஜெக்ட் மொத்தமும் அதுக்குள்ள இருந்துருக்கு. "ஸ்னாப்ஷாட் இருக்குல்லண்ணே"ன்னு கண்ணுல தண்ணியோட நின்னான். இருந்துச்சு. சாஞ்சுக்கிட எதுவும் இல்லாம இருந்துச்சு. படம் நல்லா இருந்துச்சான்னு கேக்க வாய் வந்துச்சு, பாவம்னு விட்டுட்டேன்.

அடுத்து, உள்ள வைரஸை ஓடவிட்டா வெளிய வராதுன்னு சிநேகிதன் சொன்னான்ங்கே. பெரும்பாலும் வராதுதான். ஆனா பொய் சொல்லுதவன் எங்கயாவது ஒரு எடத்துல ஒளறுவான்ல. 2015ல வெனம்னு ஒரு ஓட்டை வெளிய தெரிஞ்சுது. எங்க இருந்துச்சு தெரியுமா? ஃப்ளாப்பி டிரைவ்ல! நீ ஃப்ளாப்பியைக் கண்ணால பார்த்துருக்க மாட்டே. க்யூஎம்யூங்கிற சாஃப்ட்வேர் குடித்தனக்காரனுக்கு ஒரு பொய் ஃப்ளாப்பி டிரைவ் செஞ்சு கொடுத்துருந்துச்சு. அந்த எழுத்துல 2004ல இருந்து ஒரு தப்பு கெடந்துச்சு. அதே எழுத்தை வாங்கிப் போட்ட ஜென், கேவிஎம், வர்ச்சுவல்பாக்ஸ் அம்புட்டுலயும் அதே ஓட்டை. அது வழியா உள்ள இருக்கவன் வெளிய வந்துரலாம்னு ஆச்சு. ஒருத்தரும் தொறக்காத கதவுதான், ஒருத்தரும் பூட்டுப் பார்க்கவும் இல்ல. அதனால அப்டேட் வந்தா, பொறவு பாத்துக்கலாம்னு தள்ளாத. வைரஸை வச்சு வெளையாடும்போது பொது ஃபோல்டரையும் காப்பி-பேஸ்ட்டையும் அமத்தி வச்சுக்கோ. கதவை நீயே தொறந்து வச்சுட்டுச் சுவரைக் கொறை சொல்லப்படாது.

உன் லேப்டாப்புல ஒரு ஆமை வருதான்னு பாரு. வெளையாட்டு இல்ல, நெஜமாவே ஆமை. விண்டோஸுக்குள்ளயே ஹைப்பர்-வின்னு சொந்தமா ஒரு ஹைப்பர்வைசர் இருக்கு. அது முழிச்சுக்கிட்டு இருந்தா சிப்போட வசதியை அதுவே புடிச்சுக்கிடும். வர்ச்சுவல்பாக்ஸ் அதுக்கு மேல தொத்திக்கிட்டுத்தான் ஓடணும். அப்படி ஓடும்போது சன்னலுக்குக் கீழ மூலையில பச்சையா ஒரு ஆமைப் படம் வரும். செஞ்சவனே "நான் மெதுவாத்தான் ஓடுவேன்"னு படம் போட்டுக் காட்டுதான், அம்புட்டு நேர்மை. ஆமையைப் பார்த்துட்டு ரேம் மாத்தணும்னு வருவானுவ. மாத்துவோம், நமக்கென்ன.

சும்மா லினக்ஸ் கட்டளை பழகத்தான்னா, டபிள்யூஎஸ்எல் போதும். விண்டோஸுக்குள்ளயே லினக்ஸ் வந்துரும். அதுவும் இந்த ஹைப்பர்-வி வம்சந்தான். ரேமைத் தேவைக்கு எடுத்துக்கிட்டு ஓடும். இதைச் சொன்னாலும் உன் மூஞ்சி சுண்டிரும்னு தெரியும்.

மேக் ஆசையை விட்டுரு. ஆப்பிள்காரன் அவன் செஞ்ச மெஷின்லதான் அவன் சிஸ்டம் ஓடணும்னு லைசென்ஸ்ல எழுதி வச்சிருக்கான். உன் லேப்டாப்புல ஓட்டுறதா சொல்லுதவன் திருட்டு வழி காட்டுதான். எதுத்தாப்புல மேக் வச்சிருக்கவன் பாடும் கொண்டாட்டம் இல்ல. 2020ல ஆப்பிள் இன்டெல்லை விட்டுட்டு எம்1னு சொந்த சிப்புக்கு மாறிருச்சு. அந்தச் சிப்பு பேசுத பாஷை வேற, ஆர்ம்னு பேரு. பழைய இன்டெல் விண்டோஸை அதுல வேகமா ஓட்ட வழியில்ல, ஆர்முக்குன்னு செஞ்ச விண்டோஸைத்தான் குடிவைக்க முடியும். பொய் சொல்லலாம், ஆனா கேக்கிறவன் பாஷையிலதான் சொல்லணும்.

டூயல் பூட் போடலாமான்னு கேப்பே. 2011ல அரசாங்கம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பிச்சப்போ, விண்டோஸும் பாஸ்னு ஒரு லினக்ஸும் ரெண்டும் போட்டுத்தான் வந்துச்சு. ஆன் பண்ணும்போது எது வேணும்னு கேக்கும். எங்க கடைக்கு வந்ததுல லினக்ஸ் பக்கம் தொட்ட தடயமே இருக்காது. இருந்தாலும் ஒண்ணு உண்டு: அதுல ஒரு நேரம் ஒருத்தன்தான், ரேம் மொத்தமும் அவனுக்குத்தான், பொய்யே கெடையாது. உன் 8 ஜிபிக்கு அதுதான் வேகம். ஆனா பார்ட்டிஷன் பிரிக்கும்போது கை தவறினா ரெண்டும் போயிரும். நீ தனியா உக்காந்து பிரிக்கப் போறேன்னா மொதல்லயே சொல்லிரு, நான் கடையில ஒரு டோக்கன் எடுத்து வச்சுடுதேன்.

எந்த சாஃப்ட்வேருன்னா, வர்ச்சுவல்பாக்ஸே போதும், காசு கெடையாது. விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோவும் 2024ல இருந்து இலவசந்தான், பிராட்காம்காரன் கம்பெனியை வாங்கின பொறவு. இலவசம்னதும் ரெண்டையும் போடப் போறே, தெரியும். ஒண்ணைப் போடு.

நாளைக்குக் காலையில கடைக்கு வா. இன்னொரு 8 ஜிபி குச்சி போட எடம் இருக்கான்னு மவன் பின்னாடி கழட்டிப் பார்ப்பான். சில மாடல்ல ரேமைப் போர்டோட ஒட்டி வச்சிருப்பான், அப்படின்னா ஒண்ணும் செய்ய முடியாது. சார்ஜரை எடுத்துக்கிட்டு வா, போன தடவை மாதிரி வெறுங்கையோட வராத. பயாஸுக்கு ஏதோ பாஸ்வேர்டு போட்டேன்னு பெருமை அடிச்சேல்ல, அது என்னன்னு ராத்திரியே யோசிச்சு வை. சொந்தக்காரன்னு காசு கொறைப்பேன்னு மட்டும் நெனச்சுராத, கல்லாவுல நான்தான் உக்காந்திருப்பேன்.